முதலாண்டு பி.எஸ்சி. வேதியியல்: கால் லிட்டர் கரைசலுக்கு 1575 கிராம் கேட்கிறார்கள்

கரைசல்63 கேட்கிறார்:

அரசு கலைக் கல்லூரி, முதலாண்டு வேதியியல், 60 பேர். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பிளஸ் டூ வேதியியலில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள், ஆனால் புக் பேக் கேள்விகளையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் மனப்பாடம் செய்து பெற்ற தேர்ச்சி அது.

கேள்வி: "ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63. 0.1 நார்மல் கரைசல் 250 மிலி தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்?" (1 நார்மல் என்றால் ஒரு லிட்டரில் சமான நிறை அளவு கிராம்.) பலரும் 63 × 0.1 × 250 = 1575 கிராம் என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார்கள். ஒன்றரைக் கிலோ பொடி கால் லிட்டர் குடுவைக்குள் எப்படிப் போகும் என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. வி1என்1 = வி2என்2 (ஒரு கரைசலின் கனஅளவு × நார்மல் = மற்றதன் கனஅளவு × நார்மல்) எல்லோருக்கும் தெரியும், எந்த வி எது என்றுதான் தெரியாது. 0.05, 0.005 இரண்டும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான்.

தொடக்கத்தில் இரண்டு வாரம் பள்ளிப் பாட அடிப்படையை நினைவூட்டும் பிரிட்ஜ் கோர்ஸ் நடக்கிறது. அக்டோபரில் அதன் தடயமே இல்லை.

தெரிந்துகொள்ள விரும்புவது: எங்கே உடைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டத்தில் இதற்கு நேரம் எங்கிருந்து எடுப்பது? தமிழிலா, ஆங்கிலத்திலா? ஆய்வகத்தில் என்ன மாற்றலாம்? "ஊக்கப்படுத்துங்கள்" வகைப் பதில்கள் வேண்டாம்.

---

மில்லிசமானம்:

1575 என்று எழுதியவருக்கு வேதியியல் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று எண்களையும் சரியாகத்தான் எடுத்திருக்கிறார், பெருக்கவும் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. விட்டது இரண்டு. 250 மிலி என்பது கால் லிட்டர் என்பது ஒன்று. வந்த விடையை மனசுக்குள் ஒருமுறை தூக்கிப் பார்க்கிற பழக்கம் இன்னொன்று. இரண்டுமே எட்டாம் வகுப்புச் சமாச்சாரம் என்பதால் கல்லூரியில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதல் வாரமே ஒரு தாள் வையுங்கள். பத்துக் கேள்வி, 25 நிமிடம், கால்குலேட்டர் கிடையாது, வேதியியலும் கிடையாது. இந்த மாதிரி:

- 3/4, 0.7: எது பெரிது?
- 0.1 ÷ 0.004
- 250 மிலி எத்தனை லிட்டர்? 0.02 லிட்டர் எத்தனை மிலி?
- 10⁻³ × 10⁵, 10⁻³ ÷ 10⁻⁵
- 5 பழம் 40 ரூபாய் என்றால் 12 பழம்?
- அடர்த்தி = நிறை / கனஅளவு. கனஅளவுக்கு மாற்றி எழுதுக.
- ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தில் நாலு டம்ளர் தண்ணீர். கலவையில் சர்பத் எத்தனை பங்கு?
- பியூரெட் (அளவுக்கோடு போட்ட, அடியில் திருகு வைத்த குழாய்) படம். 12-க்கும் 13-க்கும் இடையே பத்துக் கோடு. மட்டம் எங்கே?
- ஆங்கிலத்தில் நாலு வரிச் செய்முறை. எது எதற்குள் போகிறது என்று தமிழில் எழுதுக.
- ஒரு நேர்கோட்டு வரைபடம். சாய்வு என்ன, அதன் அலகு என்ன?

சர்பத் கேள்வியைத் தவறவிடாதீர்கள். "நாலில் ஒரு பங்கு" என்று எழுதுபவர்தான் பின்னால் "10 மிலியை 100 மிலி ஆக்கு" என்றால் 10 மிலியோடு 100 மிலி தண்ணீர் ஊற்றுவார். விடை ஐந்தில் ஒரு பங்கு. அதைப் புரிந்துகொண்டவருக்கு நீர்த்தல் கணக்கில் பாதி வேலை முடிந்தது.

திருத்தும்போது பத்துக்கு எத்தனை என்று போடாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறி: சரி, வழி சரி ஆனால் கணக்கில் சறுக்கல், வழியே தப்பு, வெற்றிடம். 60 பேரையும் பத்துக் கேள்வியையும் ஒரே பெரிய தாளில் கட்டம் போட்டு நிரப்புங்கள். நெட்டுவாக்கில் பார்த்தால் வகுப்புக்கு எது தேவை என்று தெரியும், குறுக்குவாக்கில் ஆளுக்கு எது தேவை என்று தெரியும். "வழியே தப்பு" என்பதும் "வெற்றிடம்" என்பதும் வேறு வேறு நோய். முதலாமவர் தவறான விதி ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார், அதை உடைக்க வேண்டும். இரண்டாமவர் கேள்வியைப் படிக்கவே பயப்படுகிறார் அல்லது மொழியில் மாட்டிக்கொண்டார். இருவரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தால் இருவருக்கும் பயனில்லை.

பிரிட்ஜ் கோர்ஸ் ஏன் கரைகிறது? ஜூலையில் சொல்லித் தந்த 10⁻³ கணக்கு செப்டம்பரில்தான் தேவைப்படுகிறது. இடையில் அதைத் தொடாததால் மறந்துபோகிறது. இன்னொன்று, மிகவும் தேவைப்படுகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தில் வகுப்பிலேயே இல்லை. கடைசிச் சுற்றுக் கலந்தாய்விலும் துணைத்தேர்வு எழுதியும் சேருகிறவர்கள் பிரிட்ஜ் கோர்ஸ் முடிந்த பிறகுதான் வந்து உட்காருகிறார்கள்.

அதனால் அதை உடைத்துப் பருவம் முழுக்கத் தூவுங்கள். தினமும் பீரியடின் முதல் 8 நிமிடம், கரும்பலகையில் மூன்று கணக்கு. ஒன்று இன்றைய பாடத்துக்குத் தேவைப்படும் கணிதம், ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. மதிப்பெண் வேண்டாம். பக்கத்து ஆளோடு தாளை மாற்றித் திருத்திக்கொள்ளட்டும். மூன்றாவது கணக்குதான் உயிர். அது இல்லையென்றால் இதுவும் இன்னொரு பிரிட்ஜ் கோர்ஸ்.

1575-க்கு மருந்து: சூத்திரத்தை ஒரு மாதம் ஒளித்து வையுங்கள். பதிலுக்குப் படிக்கட்டு எழுதச் சொல்லுங்கள்.

1000 மிலி, 1 நார்மல்: 63 கிராம்
1000 மிலி, 0.1 நார்மல்: 6.3 கிராம்
250 மிலி, 0.1 நார்மல்: 1.575 கிராம்

ஒரு படிக்கு ஒரு எண்தான் மாறலாம். இரண்டை ஒரே படியில் மாற்றினால் தப்பு என்று அடித்துவிடுங்கள். படிக்கட்டு எழுதுபவர் 1575-க்குப் போய்ச் சேரவே முடியாது, ஏனென்றால் அளவு ஒவ்வொரு படியிலும் இறங்கிக்கொண்டே வருகிறது. பத்துப் பன்னிரண்டு கணக்கு ஆனதும் "இதையே ஒரே வரியில் எழுதலாமா?" என்று கேளுங்கள். 1000-ஆல் வகுக்கும் அந்த வரி அப்போது அவர்களிடமிருந்தே வரும்.

வி1என்1-க்கும் இதேதான். ஆக்சாலிக் அமிலம் 20 மிலி × 0.1 நார்மல் = 2 மில்லிசமானம் (மிலியையும் நார்மலையும் பெருக்கினால் வருவது; உள்ளே எவ்வளவு பொருள் இருக்கிறது என்று சொல்லும் அளவு). பிப்பெட்டிலிருந்து (குறித்த ஓர் அளவை மட்டும் எடுத்துவிடும் குழாய்) விழுந்தது 2, பியூரெட்டிலிருந்து இறங்கியதும் அதே 2. பெர்மாங்கனேட் 18.4 மிலி செலவானால் 2 ÷ 18.4 = 0.1087 நார்மல். கணக்குப் போடும் முன் ஒரு கட்டாயக் கேள்வி: "20-ஐவிடக் குறைவாகச் செலவாகியிருக்கிறது. அப்படியானால் எது செறிவு கூடிய சரக்கு?" பதிலை ஒரு வரியில் எழுதிய பிறகே பேனா கணக்குக்குப் போக வேண்டும். 0.092 என்று வந்தால் தலைகீழாக வகுத்துவிட்டோம் என்று தானே கண்டுபிடிப்பார்.

மோல் பற்றி ஒன்று. 6.022 × 10²³ என்ற எண்ணில் தொடங்காதீர்கள். கடையில் ஆணியை யாரும் எண்ணி வாங்குவதில்லை, நிறுத்து வாங்குகிறோம். மோல் என்பதே நிறுத்து எண்ணும் வித்தைதான். மேசையில் நாலு பொட்டலம் வையுங்கள்: 18 மிலி தண்ணீர், 58.5 கிராம் உப்பு, 63.5 கிராம் செம்புக் கம்பி, 342 கிராம் சர்க்கரை. நாலும் ஒரு மோல். தண்ணீர் கைக்குள் அடங்குகிறது, சர்க்கரை பொட்டலமாக உட்கார்ந்திருக்கிறது. "ஏன் ஒரே நிறை இல்லை?" என்ற கேள்வி தானாக எழும். கொண்டைக்கடலையையும் பாசிப்பயறையும் இருபது இருபதாக எண்ணி நிறுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒரு டப்பா கடலையைத் தந்து எண்ணாமல் எண்ணிக்கை கேளுங்கள். (2019 மே 20 முதல் மோலுக்கு வரையறையே 6.02214076 × 10²³ என்ற எண்தான். "12 கிராம் கார்பன்-12" என்று பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம்.)

---

கடைசித்துளி:

மேலே சொன்னது வகுப்பறைக்கு. ஆய்வகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அடித்தளம் இல்லாத மாணவர்கள் தேறுவதும் ஏமாற்றக் கற்றுக்கொள்வதும் அங்கேதான்.

முதல் ஆய்வை வெறும் தண்ணீரில் நடத்துங்கள். பியூரெட்டில் தண்ணீர் நிரப்பி நுனியில் காற்றுக்குமிழ் இருக்கிறதா பார்த்து வெளியேற்றுவது, புனலை எடுத்துவிட்டு அளவு பார்ப்பது, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவருவது. பிறகு 20 மிலி பிப்பெட்டால் எடுத்து, எடை பார்த்த பீக்கரில் விட்டு நிறுப்பது. நம் ஊர் வெப்பத்தில் 20 மிலி தண்ணீர் 19.9 கிராம் காட்ட வேண்டும். ஐந்து முறை செய்யட்டும். கடைசித் துளியை ஊதித் தள்ளினவருக்கு எடை கூடும், முனையைச் சுவரில் தொடாமல் எடுத்தவருக்குக் குறையும். "ஊதாதே" என்று பத்து முறை கத்துவதைவிட இந்த ஒரு தராசு போதும். வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் அன்றே நிறுத்தி ரப்பர் பல்ப் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கழுவும் கேள்வி. பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலால் அலசுகிறோம், பிப்பெட்டையும் அப்படியே. கூம்புக் குடுவையை மட்டும் தண்ணீரால். ஏன்? காரணம் தெரியாதவர் மூன்றையும் கரைசலால் அலசுவார். குடுவையில் ஒட்டியிருக்கும் கரைசல் பிப்பெட் அளவோடு சேர்ந்து டைட்டர் அளவு (பியூரெட்டிலிருந்து செலவாகும் மிலி) கூடிவிடும். தண்ணீர் ஒட்டியிருந்தால் பாதகமில்லை, உள்ளே போன மில்லிசமானம் மாறவில்லையே. இதை ஒரு மாணவர் தன் வாயால் சொல்லிவிட்டால், மில்லிசமானம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். எழுத்துத் தேர்வைவிட இது நம்பகமான சோதனை.

பெர்மாங்கனேட் ஆய்வில் வழக்கமாகக் கெட்டுப்போகிற இடங்கள்:

பழுப்பு நிறம். நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை அல்லது அவசரமாக ஊற்றிவிட்டார்கள். இரண்டிலும் மாங்கனீஸ் டைஆக்சைடு உருவாகிறது. அந்தக் குடுவையைத் தூக்கி ஊற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

முதல் துளிகளின் நிறம் உடனே மறையாது. வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினைவேக மாற்றி. அது சேரச் சேரத்தான் வேகம் பிடிக்கும். "நிறம் போகலையே" என்று பயந்து மேலும் திறந்துவிடுவார்கள், பழுப்பாகும். இரண்டு மூன்று துளி விட்டுக் குலுக்கிக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆக்சாலிக் அமிலத்தை 60–70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அமிலம் சிதைந்து டைட்டர் குறையும். மோர் உப்பு (ஓர் இரும்பு உப்பு) வந்ததும் பழக்கதோஷத்தில் அதையும் சூடாக்குவார்கள். அதில் சூடு கூடாது, இரும்பு காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். "ஏன் அதற்குச் சூடு, இதற்கு இல்லை" என்பதை வாய்மொழிக் கேள்வியாக வையுங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் போடக்கூடாது, பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றும். அடர் நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் மேல் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் அவர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

முடிவுநிலை. வெளிர் இளஞ்சிவப்பு, 30 நொடி நின்றால் போதும். "நல்ல கலர்" வரவேண்டும் என்று நினைத்து ஒரு மிலி தாண்டிவிடுவார்கள். வெள்ளை ஓட்டின் மேல் மூன்று குடுவை வையுங்கள்: முடிவுக்கு முன், முடிவு, தாண்டியது. பக்கத்தில் சீட்டு எழுதி ஒட்டுங்கள். ஒரு துளி ஏறக்குறைய 0.05 மிலி என்று தெரிந்தால் 18.4-க்கும் 18.5-க்கும் இடையே இரண்டே துளிதான் என்பதும் உறைக்கும்.

இப்போது ஏமாற்று. 18.4, 18.4 என்று இரண்டாவது அளவீட்டைச் செய்யாமலே எழுதுவது. ரெக்கார்டுக்கு மதிப்பெண் "ஒத்த அளவீட்டுக்கு" என்று நாம் வைத்திருக்கும்வரை அவர் செய்வது புத்திசாலித்தனம்தான். ஒவ்வொரு பெஞ்சுக்கும் வேறு நார்மாலிட்டி கொடுங்கள் (0.09, 0.10, 0.11, 0.12 என்று நாலு பாட்டில் போதும்). அளவீட்டைப் பேனாவால் எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை "முன்கணிப்பு வரிக்கு", அதாவது மேலே சொன்ன, கணக்குக்கு முன் எழுதும் அந்த ஒரு வரிக்கு வையுங்கள். 18.4, 18.9, 18.5 என்று நேர்மையாக வந்தால், 18.9 ஏன் விலகியது என்று ஒரு வரி எழுதினவருக்கு முழு மதிப்பெண்.

செய்முறையை வீட்டிலிருந்து படமாக வரைந்து வரச் சொல்லுங்கள், அரைப் பக்கம். எழுத்து கூடாது; அம்புக்குறி, குடுவை, அளவு மட்டும். ஆய்வகத்துக்குள் அந்தத் தாள் மட்டுமே அனுமதி. புத்தகத்து வாசகத்தை அப்படியே காப்பியடிக்க முடியாது என்பதால் ஒருமுறையாவது படித்தே ஆகவேண்டும்.

---

இரண்டாம்ஷிப்ட்:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்து யூனிட்டை யார் முடிப்பது? எக்ஸ்டர்னலுக்கு (பருவ இறுதித் தேர்வுக்கு) 75 மதிப்பெண். அங்கே யாரும் "எது செறிவு கூடிய சரக்கு" என்று கேட்கப்போவதில்லை.

இன்னொன்று, "வீட்டிலிருந்து வரைந்து வா" என்பது எந்த வீட்டில்? மதியம் கல்லூரி விட்டதும் ஜவுளிக்கடைக்கும் கேட்டரிங்குக்கும் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்தால் வருகிறவர் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்தான். தேவைப்படுகிறவர் பஸ்ஸில் இருப்பார்.

---

மில்லிசமானம்:

இரண்டாவது பாயின்டை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பாடவேளைக்கு வெளியே வைக்கும் எதையும் இல்லாததாகவே கணக்கில் கொள்ளுங்கள். படம் வரைவதையும் ஆய்வகத்தின் முதல் 15 நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

நேரக் கணக்கு: வாரம் 5 பீரியட், 15 வாரம் என்றால் 75. தினம் 8 நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது 50 நிமிட பீரியட் 12. அந்தப் பன்னிரண்டும் நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதிலிருந்து வரும். ஒரு பீரியடில் டிக்டேஷனுக்குப் போகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள், திகைப்பீர்கள். குறிப்பை ஜெராக்ஸாகக் கொடுங்கள், ஆனால் ஓட்டை விட்டு: வரையறை இருக்கும், எடுத்துக்காட்டுக் கணக்கில் நடுவில் இரண்டு வரி காலியாக இருக்கும், வரைபடத்தில் அச்சுப் பெயர் இருக்காது. வகுப்பில் நிரப்ப வேண்டியது அந்த ஓட்டைகளை மட்டும்தான். முழுக் குறிப்பாகக் கொடுத்தால் மடித்துப் பைக்குள் போய்விடும், ஓட்டை அதிகமானால் மறுபடி டிக்டேஷன்தான். பக்கத்துக்கு ஐந்தாறு ஓட்டை சரியாக இருக்கும்.

முதல் பாயின்டுக்கு: 2014-ல் அமெரிக்க அறிவியல் அகாடமி இதழில் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவரைச் செய்யவைத்த வகுப்புகளில் 21.8. அந்த எண் நம் தேர்வுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் செய்யவைத்தால் பாஸ் குறையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

---

சாய்வும்அச்சும்:

இயற்பியல் பக்கத்திலிருந்து மூன்று விஷயம்.

கால்குலேட்டர். 1.6 × 10⁻¹⁹ என்பதை 1.6 பெருக்கல் 10 என்று அடித்துவிட்டு அதன் மேல் அடுக்குப் பொத்தானையும் அழுத்துவார்கள். அந்தப் பொத்தானே "பெருக்கல் பத்தின் அடுக்கு" என்று தெரியாது. விடை சரியாகப் பத்து மடங்கு கூடிவரும். வகுப்பில் பத்து மடங்குப் பிழை அடிக்கடி வந்தால் முதலில் விரலைப் பாருங்கள், மூளையை அல்ல.

வரைபடம். அளவீடு 2, 5, 9, 10 என்றால் அச்சில் நாலையும் சம இடைவெளியில் எழுதிவிடுவார்கள். எல்லா வரைபடமும் வளைந்து தெரியும். வரைபடத்தாளே கொடுக்காமல், கோடு போட்ட நோட்டில் எண்கோடு மட்டும் ஒரு வாரம் போடவையுங்கள்.

கலந்துரையாடல். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-லிருந்து நடத்திய முறைக்கு ஒரு செலவும் இல்லை. ஒரு கேள்வி, நாலு விடை. "0.1 நார்மல் 50 மிலியோடு 50 மிலி தண்ணீர் சேர்த்தால் மில்லிசமானம் என்ன ஆகும்: பாதியாகும், அப்படியே இருக்கும், இரட்டிக்கும், சொல்ல முடியாது?" ஒரு நிமிடம் தனியாக யோசிக்க வேண்டும். பிறகு விரலை நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்ட வேண்டும், பக்கத்தவர் பார்க்கக்கூடாது. சரி 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி நடத்துங்கள். 70-க்கு மேல் என்றால் நகர்ந்துவிடுங்கள். நடுவில் இருந்தால் இரண்டு நிமிடம் பக்கத்தவரோடு பேசவிட்டு மறுபடி விரல். சொதப்பும் இடம் ஒன்றுதான்: தனியாக யோசிக்கும் நிமிடத்தைத் தின்றுவிடுவது. அப்போது பெஞ்சில் சத்தமாகப் பேசுகிறவரின் விடையே எல்லோருடைய விடையும்.

முதல் வாக்கெடுப்பின் முடிவைச் சொல்லாதீர்கள். சொன்னால் பேச்சு நின்றுவிடும், கூட்டம் இருக்கும் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

---

கரைசல்63:

நன்றி. படிக்கட்டையும் கழுவும் கேள்வியையும் திங்கட்கிழமையே தொடங்கலாம். மொழி பற்றி யாரும் சொல்லவில்லையே? தேர்வை ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் தமிழில் எழுதுபவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம், "ஸ்லோ லேர்னர்" பட்டியல் ஒன்று கோப்புக்காகக் கேட்கிறார்கள். அதை வைத்துக் குழு பிரிக்கலாமா?

---

சொல்லும்பொருளும்:

தமிழ்வழியில் வந்தவருக்குச் செறிவு தெரியும், கான்சன்ட்ரேஷன் தெரியாது. வினைவேக மாற்றி தெரியும், கேட்டலிஸ்ட் தெரியாது. இது சின்னப் பிரச்சினை, இரட்டைப் பட்டியல் ஒன்று போட்டால் ஒரு மாதத்தில் தீரும். வகுப்பில் முதல் தடவை சொல்லும்போது இரண்டையும் சொல்லுங்கள், பலகையில் இரண்டையும் எழுதுங்கள்.

பெரிய பிரச்சினை கலைச்சொல் அல்லாத சொற்கள். ரெஸ்பெக்டிவ்லி, எக்ஸஸ், நெக்லிஜிபிள், அட்லீஸ்ட், அன்லெஸ், ஹென்ஸ். "முறையே 0.1, 0.2" என்று புரியாதவர் எந்த எண் எந்தக் கரைசலுக்கு என்று தெரியாமலே கணக்கை விடுகிறார், நாம் அவருக்கு வேதியியல் வரவில்லை என்று எழுதுகிறோம். பழைய வினாத்தாள் ஐந்தை எடுத்து இப்படிப்பட்ட சொற்களை வட்டமிட்டால் ஏறக்குறைய நாற்பது தேறும். வாரம் மூன்று, 8 நிமிடக் கணக்குக்குள்ளேயே நுழைத்துவிடுங்கள்.

அன்றாடப் பொருள் குழப்பும் சொற்களைத் தனியாகக் கவனியுங்கள். ஸ்ட்ராங் ஆசிட், கான்சன்ட்ரேட்டட் ஆசிட் இரண்டையும் ஆங்கிலத்தில் கேட்கும் மாணவர் ஒன்றாகவே நினைக்கிறார். தமிழில் வலிமைமிகு அமிலம் வேறு, அடர் அமிலம் வேறு என்பது சொல்லிலேயே தெரிகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமைமிகு அமிலம்தான். அடர் அசிட்டிக் அமிலமும் வலிமை குறைந்ததுதான். இந்த இடத்தில் ஆங்கிலவழி மாணவருக்கும் தமிழில் சொல்வதே லாபம். தன்னிச்சையான (வெளித்தூண்டல் இல்லாமல் தானாக நடக்கக்கூடிய) வினைக்கு இதற்கு நேர்மாறு: சொல்லைக் கேட்டதும் "வேகமானது" என்று எடுத்துக்கொள்வார்கள். துருப்பிடித்தல் தன்னிச்சையானது, ஆனால் ஆமை வேகம் என்று காட்டிவிட்டு மேலே போங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: பக்கத்தவருக்கு விளக்குவது தமிழில், நோட்டில் கலந்து, பருவத்தின் கடைசி மூன்று வாரம் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மட்டும் வாக்கியச் சட்டம் கொடுத்துத் தேர்வு மொழிக்கு மாற்றுவது. தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் புரிதல் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

---

மில்லிசமானம்:

பட்டியலைக் கோப்பில் வையுங்கள், நோட்டீஸ் போர்டில் வேண்டவே வேண்டாம். குழுவுக்கும் அது உதவாது. மதிப்பெண் குறைந்தவர்களை ஒரே குழுவாக்கினால் படிக்கட்டை எழுதிக்காட்ட உள்ளே ஆள் இருக்காது. "மக்கு பேட்ச்" என்று பெயரும் ஒட்டிவிடும்.

மிசூரி-கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-ல் தொடங்கிய முறையில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அவர்கள் கடினமான மாணவரைத் தேடவில்லை, கடினமான தாளைத் தேடினார்கள். அந்தத் தாளை எடுக்கும் எல்லோருக்கும் குழு வகுப்பு. நடத்துபவர் முன்பு அதே தாளை நன்றாக முடித்த மாணவர்.

இங்கே செய்வதென்றால் இரண்டாமாண்டில் ஆறு பேர், ஆளுக்குப் பத்து முதலாண்டு மாணவர், வாரம் ஒரு பீரியட், நூலக நேரத்தில். கால அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும். குழுவை அந்தப் பத்துக் கேள்விக் கட்டத்தைப் பார்த்துப் பிரியுங்கள்: நீர்த்தலில் சறுக்கியவர், அடுக்குக்குறியில் சறுக்கியவர், இரண்டும் வருகிறவர் என்று கலந்து. மாணவர்கள் தாங்களாகச் சேர்ந்தால் ஊர்வாரியாகவும் பெஞ்சுவாரியாகவும்தான் சேருவார்கள், அதற்கு இடம் தராதீர்கள்.

இரண்டாமாண்டு மாணவருக்கு ஒரே ஒரு விதி: சாக்பீஸைத் தொடக்கூடாது. தொட்டால் பத்தே நிமிடத்தில் நம்மைப் போலவே விரிவுரை நடத்தத் தொடங்கிவிடுவார். அவர் கேட்க வேண்டியது மூன்று கேள்வி: "கேள்வியில் என்ன கொடுத்திருக்கு? முதல் படி என்ன? விடை இவ்வளவு பெரிசா வருமா?" வாரத் தொடக்கத்தில் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து அந்த வாரக் கணக்குகளை அவர்களையே போடச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரும் 1575 எழுதக்கூடும். எழுதினால் அந்தக் கணக்கை அந்த வாரத்துக்கான முதல் கணக்காக வையுங்கள்.